பிசிக்ஸ் வாத்தியாருக்குப் பொன்னாடை

அமெரிக்காவில் நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஒரே ஒரு வருடம். அந்த வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெளிவாகத் தெரிந்தால் கோபப்பட்டுத் தீர்த்துவிடலாம். இதில் அதற்கும் வழியில்லை.

திருச்சியில் ப்ளஸ் ஒன் முடித்த கையோடு அப்பா எங்களை டெக்ஸாஸுக்கு அழைத்துப் போனார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டாலஸ் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். நானும் கண்ணாடிக் கட்டடங்களையெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனேன். அப்பாவுக்கு வேலை கிடைத்திருந்த டிரான்ஸ்ஃபார்மர் தொழிற்சாலையோ டாலஸிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் தள்ளி இருந்தது. ஊரில் ஒரு தண்ணீர் டேங்க், ஒரு மாட்டுத்தீவனக் கடை, நாலைந்து சர்ச், ஒரு ஃபுட்பால் மைதானம். எங்களைத் தவிர வேறு தமிழர் கிடையாது. தமிழ் முகம் பார்க்கவும் புளி வாங்கவும் சனிக்கிழமைகளில் டாலஸுக்கு டிரைவ் பண்ணுவோம்.

பள்ளிக்கூடம் ஐம்பதுகளில் கட்டியது. ஒற்றை மாடி, சிவப்புச் செங்கல், பச்சை நிற லாக்கர்கள். கடைசி வகுப்பான பன்னிரண்டாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அத்தனை சின்னப் பள்ளியில் பாடத்துக்கு ஒரு வாத்தியார் என்பதெல்லாம் கட்டுப்படியாகாது. ஆளுக்கு இரண்டு மூன்று வேஷம். வரலாறு எடுத்தவர்தான் ஃபுட்பால் கோச். இரண்டாம் உலகப் போரை அவர் ஒரு ஆட்டத்தைப் போலத்தான் நடத்துவார். போர்டு முழுக்க அம்புக்குறிகள், கடைசியில் யார் ஜெயித்தது என்பதோடு பாடம் முடிந்துவிடும், செத்தவர்களைப் பற்றிப் பேச்சே இருக்காது. டைப்பிங் சொல்லிக்கொடுத்த அம்மாள்தான் சமையல் வகுப்பும் எடுத்தார். எங்கள் ஊரில் அடுப்பு உண்டா என்று முதல் நாளே என்னிடம் கரிசனமாக விசாரித்தார். இங்கிலீஷ் டீச்சர் என் கட்டுரையைப் படித்துவிட்டு, இவ்வளவு பெரிய வார்த்தைகள் எதற்கு, யாரோடு சண்டை போடுகிறாய் என்று கேட்டார். எனக்கு மூக்கு உடைந்தது. திருச்சியில் அதே வார்த்தைகளுக்காகத்தான் பரிசு வாங்கியிருந்தேன்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாத விஷயம் பாடத் திட்டத்தில் இருந்தது. அந்தப் பள்ளியில் ஒரு வருடம் கெமிஸ்ட்ரி நடத்துவார்கள், அடுத்த வருடம் பிசிக்ஸ். இரண்டுக்கும் ஒரே வாத்தியார், பிள்ளைகளும் குறைவு. அதனால் மாற்றி மாற்றி. நான் போய்ச் சேர்ந்தது கெமிஸ்ட்ரி வருடத்தில். யார் எந்தப் பாடம் படிப்பது என்று முடிவு செய்துகொடுக்கும் கவுன்சிலர் அம்மாள், பிசிக்ஸ் அடுத்த வருடம் வரும் என்று புன்னகையோடு சொன்னார். அடுத்த வருடம் நான் கல்லூரியில் இருக்க வேண்டியவள். பிசிக்ஸ் மார்க் இல்லாமல் எஞ்சினியரிங்குக்கு அப்ளை பண்ணவே முடியாது என்று நாங்கள் கேட்ட கல்லூரிகள் எல்லாம் சொல்லிவிட்டன. எங்கள் வீட்டில் எஞ்சினியரிங் தவிர வேறு படிப்பு இருப்பதாகவே யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

அப்பா கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய் அந்த வாத்தியாரையே நேரில் பார்த்தார். நானும் கூட இருந்தேன். அறுபதை நெருங்கிய ஒல்லியான மனிதர். கட்டம் போட்ட சட்டை, பையில் மூன்று பேனா. காலையில் ஸ்கூல் பஸ் ஓட்டுவதும் அவர்தான், சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருவதும் அவர்தான். அப்பா பேசி முடிக்கும்வரை குறுக்கிடவே இல்லை. பிறகு, மதிய உணவு நேரத்தில் தான் லேபில் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பதாகவும், தன்னுடைய வெங்காய சான்ட்விச் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் என்னை வரச்சொல்லலாம் என்றும் சொன்னார். பள்ளியும் ஒத்துக்கொண்டது. எனக்கு மட்டும் தனிப்பாடமாக பிசிக்ஸ், மே மாதம் மார்க் ஷீட்டில் மார்க்கும் வரும். அப்பா பார்க்கிங் லாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த மதியங்களை நான் ஆரம்பத்தில் வெறுத்தேன். நியூட்டனின் விதியைக் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். அவர் கேட்டுவிட்டு, "யெஸ் மேம்" என்பார். வாத்தியார் மாணவியை மேம் என்று கூப்பிடும் ஊர் அது. புத்தகம் சொல்வதைச் சொல்லிவிட்டாய், இப்போது என் பஸ் திடீரென்று நின்றால் பின் சீட்டுப் பையன் ஏன் முன்னால் வந்து விழுகிறான் என்று நீ சொல்லு என்பார். எனக்குத் தெரியாது. தயிர்சாத டப்பாவை மூடிவிட்டுப் போய் பாத்ரூமில் அழுதிருக்கிறேன். பதினொரு வருடம் முதல் ரேங்க் எடுத்தவளுக்கு ஒரு பஸ் ஏன் குலுங்குகிறது என்று தெரியவில்லையே என்கிற அவமானம். டிசம்பர் வாக்கில்தான் ஏதோ ஒன்று பிடிபட்டது. ஒரு நாள் அவர் கேட்காமலேயே நான் ஒரு கேள்வி கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, தெரியவில்லை, செய்து பார்க்கலாம் என்று எழுந்தார். தெரியவில்லை என்று சொன்ன வாத்தியாரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இதற்கு நடுவில் நவம்பரில் ஒன்று நடந்திருந்தது. ஒரு பாடத்தில் ஃபெயிலானால்கூட அந்தப் பையன் ஃபுட்பால் ஆடக்கூடாது என்பது டெக்ஸாஸில் சட்டம். எங்கள் அணியின் முக்கியமான ஆட்டக்காரன் கெமிஸ்ட்ரியில் ஃபெயில். அவனுடைய அப்பாதான் மாட்டுத்தீவனக் கடைக்காரர். பள்ளியை நிர்வகிக்கும் போர்டிலும் அவர் பெரிய கை. கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று கோச்சும் கேட்டுப் பார்த்தார், ஊரும் கேட்டுப் பார்த்தது. வாத்தியார் போடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் தோற்றோம். அதற்குப் பிறகு ஊரில் பல பேர் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அவர் என்னிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அப்பாவுக்கோ மனசு ஆறவில்லை. தனியாகப் பாடம் எடுக்கும் மனிதருக்கு டியூஷன் ஃபீஸாக ஏதாவது கொடுக்க வேண்டுமே. கேட்டுப் பார்த்தார். எனக்குச் சம்பளம் தருகிறார்களே என்று அவர் சிரித்துவிட்டார். காசு வாங்காத மனிதருக்கு என்ன செய்வது? தமிழனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவது.

டாலஸ் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா ஜனவரியில் நடந்தது. சங்கச் செயலாளர் அங்கிளிடம் அப்பா சொல்லி ஏற்பாடு செய்துவிட்டார். வாத்தியாரும் அவர் மனைவியும் அவ்வளவு தூரம் வந்து, குழந்தைகள் நடனம், பட்டிமன்றம், நன்றியுரை என்று மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை புரியாமல் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவரை மேடைக்கு அழைத்தார்கள். அப்பா மைக்கைப் பிடித்து, மாதா பிதா குரு என்று ஆரம்பித்து, பாதியிலேயே மைக்கைச் செயலாளர் அங்கிள் கையில் கொடுத்துவிட்டார். பொன்னாடை போர்த்தி, கையில் ஒரு குத்துவிளக்கைக் கொடுத்தார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

அந்தப் பொன்னாடையின் வரலாறு எங்களுக்குத் தெரியும். முந்தைய வருடம் சென்னையிலிருந்து வந்த பேச்சாளருக்குப் போர்த்தி, அவர் மறந்து விட்டுவிட்டுப் போனது. பட்டு மாதிரி இருக்கும், பட்டு இல்லை. குத்துவிளக்கு அம்மா தி.நகரில் டஜன் கணக்கில் வாங்கி சூட்கேஸில் அடைத்துக்கொண்டு வந்தவற்றில் ஒன்று. வெள்ளி முலாம். யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காக வாங்கியவை அவை. எங்கள் பழக்கத்தில் இதில் தப்பே கிடையாது. பொன்னாடைக்கு மரியாதைதான் முக்கியம், துணியை யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

அவர் அந்தப் பொன்னாடையை எப்போது கழற்றுவது என்று தெரியாமல் கார் பார்க்கிங் வரை போட்டுக்கொண்டே போனார். திங்கட்கிழமை லேபில் பார்த்தால் குத்துவிளக்கு அவர் மேஜை மேல் நிற்கிறது. மேடையில் எடுத்த போட்டோ சுவரில் குத்தியிருக்கிறது. முப்பது வருடமாகப் பாடம் எடுக்கிறேன், என்னை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை என்று என்னிடம் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அதைக் காட்டினார்.

அதுவே வினையாகப் போயிற்று. மார்ச்சில் தீவனக் கடைக்காரர் போர்டில் புகார் கொடுத்தார். உள்ளூர்ப் பிள்ளைகளை ஃபெயிலாக்கும் வாத்தியார், வெளிநாட்டுப் பெண்ணுக்கு மட்டும் தனியாகப் பாடம் எடுக்கிறார், அவளுடைய குடும்பத்திடம் விலை உயர்ந்த பொருட்களை வாங்கிக்கொள்கிறார் என்று. கவுன்சிலர் அம்மாள் என்னைக் கூப்பிட்டு விளக்கினார். காபிக் கோப்பை மாதிரி சின்னப் பொருளை வாத்தியார்கள் வாங்கிக்கொள்ளலாம், விலை உயர்ந்தது என்றால் விதிப்படி வேலை போகும், என்னுடைய பிசிக்ஸ் மார்க்கும் செல்லாமல் போகும். நான் விளக்கின் கதையையும் பொன்னாடையின் கதையையும் அவரிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். அப்படியானால் ஒன்றுமே இல்லை, விசாரணைக்கு உன் அப்பா வந்து இதையே சொன்னால் போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும் என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பாவுக்கு லஞ்சம் என்ற வார்த்தையே பொறுக்கவில்லை.

"லஞ்சத்தை எவனாவது மைக் வெச்சு, போட்டோ எடுத்துக் குடுப்பானா?" என்று கேட்டார்.

அது சரிப்பா, ஆனால் சின்னப் பொருள் என்று சொல்லிவிடு என்றேன். அம்மாவும், உள்ளதைச் சொல்லிட்டு வாங்களேன், இதில் என்ன இருக்கு என்றாள். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அந்த மனுஷனும் அங்க உக்காந்திருப்பாரு. அவரு மூஞ்சிக்கு நேரா, சார், நான் உங்களுக்குக் குடுத்தது டூப்ளிகேட்டுன்னு சொல்லச் சொல்றியா?"

நானும் அம்மாவும் இரண்டு நாள் மாறி மாறிப் பேசினோம். அவருக்கு வேலை போய்விடும் என்றேன். எனக்குக் காலேஜ் போய்விடும் என்று அழுதேன். கடைசியில் சரி, சரி, சின்ன விஷயம்னு சொல்லிடறேன் என்றார். நான் நம்பினேன்.

விசாரணை பள்ளி நூலகத்தில் நாலு மணிக்கு நடந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் போர்டு ஆட்கள். நடுவில் தலைவர், தீவனக் கடைக்காரர் ஓரமாக. கவுன்சிலர் அம்மாள் என் பக்கத்தில். வாத்தியார் மேஜையின் கோடியில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் எங்கள் குத்துவிளக்கும் மடித்த பொன்னாடையும் இருந்தன. சாமி சாமான்களைப் போலீஸ் ஸ்டேஷனில் பார்த்தது போல எனக்கு உடம்பு கூசியது.

தலைவர் மரியாதையான மனிதர்தான். உங்கள் ஊர் வழக்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா நன்றாகவே பேசினார். குருவுக்கு மரியாதை செய்யாமல் படிப்பு தங்காது என்பது எங்கள் நம்பிக்கை என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பிறகு தலைவர் விளக்கைக் காட்டி, இது ஒரு சின்ன நினைவுப் பொருள்தானே என்று அவரே எடுத்துக்கொடுத்தார். ஆமாம் என்று ஒரு சொல். அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

அப்பா வாத்தியாரைப் பார்த்தார். அவரும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னப் பொருள் இல்லை என்றார் அப்பா. இவரைப் போன்ற ஆசிரியருக்குச் சின்னப் பொருள் கொடுக்கும் குடும்பம் எங்களுடையது இல்லை. இது சுத்தமான வெள்ளி. அது அசல் காஞ்சிபுரம் பட்டு, தங்க ஜரிகை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, நல்ல இங்கிலீஷில் சொன்னார். தீவனக் கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒருவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

கவுன்சிலர் அம்மாள் சட்டென்று, இந்தப் பெண் என்னிடம் வேறு மாதிரி சொன்னாள், அவளையும் கேளுங்கள் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் கேட்டார், இது வெள்ளிதானா, உனக்குத் தெரியுமா? நான் எழுந்து நின்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? அதில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால், எட்டு வெள்ளைக்காரர்கள் முன்னால், அதுவும் அந்த வாத்தியாரின் முன்னால், அப்பா பொய்யர் ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் வாத்தியார் தொலைந்தார். இருந்தாலும் நான் வாயைத் திறந்தேன். "அது வந்து..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

வாத்தியார் கையை உயர்த்தினார். வகுப்பில் சத்தத்தை அடக்குவதற்கு உயர்த்துவாரே, அந்த மாதிரி. இவள் அப்பா வெள்ளி என்று சொன்னார், அது வெள்ளிதான், என் மேஜையில் இரண்டு மாதமாக இருக்கிறது, எனக்குத் தெரியாதா என்றார். ஒரு மனிதரின் சொல்லை அவர் மகளிடம் விசாரிப்பது சரியில்லை என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, உட்காரச் சொல்லித் தலையசைத்தார். நான் உட்கார்ந்தேன். முடிவைப் பிறகு தெரிவிப்பதாகச் சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் லேபில் வேறு ஒருவர் நின்றார். வாத்தியார் தாமாகவே ஓய்வு பெற்றுக்கொண்டதாக அறிவித்தார்கள். பஸ்ஸை கோச் ஓட்டினார். என் பிசிக்ஸ் பாதியில் நின்றுபோய், மார்க் ஷீட்டில் அந்த இடத்தில் ஒன்றுமே வரவில்லை. பக்கத்து ஊரின் கம்யூனிட்டி காலேஜில் மறுபடி முதலிலிருந்து பிசிக்ஸ் எடுத்து, ஒரு வருடம் பிந்திதான் எஞ்சினியரிங் சேர்ந்தேன். எனக்குப் போனது ஒரு வருடம். அவருக்குப் போனது முப்பது வருடத்து நல்ல பெயர். விலை உயர்ந்த பரிசு வாங்கிய வாத்தியார் என்றுதான் அந்த ஊர் அவரைப் பேசியது. அவரும் மனைவியும் கோடைக்குள் வீட்டை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டார்கள்.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்று விசாரணை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. வெயில் இன்னும் இருந்தது. அவர் டையைத் தளர்த்திக்கொண்டு, லேசான மனசோடு காரை ஓட்டினார். பார்த்தியா, எவ்வளவு பெரிய மனுஷன், எனக்காக எப்படிப் பேசினார் என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேசினால் கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது.

ஊரில் இருந்த ஒரே சிக்னலில் சிவப்பு விழுந்தது. கார் நின்றது. அப்பா எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

"நல்லவேளை, அது முலாம்னு அந்த மனுஷனுக்குக் கடைசிவரைக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா எவ்வளவு அசிங்கமாயிருக்கும்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"அப்பா, அவரு கெமிஸ்ட்ரி வாத்தியாருப்பா."

சிக்னல் பச்சைக்கு மாறியது. அப்பா காரை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி சிவப்பு விழுந்தது.